பி.எச். நகராமல் பிடிப்பது எப்படி? பஃபர் கரைசலைச் செய்யவும் சோதிக்கவும் ஒரு வழிகாட்டி

இரண்டு பீக்கர்களில் 100 மில்லி கரைசல் இருக்கிறது. மீட்டரை விட்டுப் பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய 4.7. இரண்டிலும் 5 மில்லி டெசிநார்மல் (0.1 மோலார்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுங்கள். ஒன்று 4.6-இல் நிற்கும். மற்றது 3.4 வரை சரிந்துவிடும். இரண்டுமே பஃபர்தான், அதே அசிட்டிக் அமிலம், அதே சோடியம் அசிடேட். இரண்டாவது பீக்கரில் இருப்பது முதலாவதைப் பத்து மடங்கு நீர்த்தது, அவ்வளவுதான்.

அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பி.எச். அதிகம் நகராத கரைசல்தான் பஃபர், தமிழில் தாங்கல் கரைசல். அந்தப் பாடத்தில் பலர் தவறவிடும் இடம் இது. பி.எச். எவ்வளவு என்று கேட்கிறார்கள், எவ்வளவு அமிலம் வரை தாங்கும் என்று கேட்பதில்லை. பிளஸ் டூ மாணவருக்கும் முதலாண்டு வேதியியல் மாணவருக்கும் இது செய்முறைத் தேர்வு சமாச்சாரம். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வாங்கித் தொட்டி வைத்திருப்பவருக்கு மீன் பிழைக்கிற சமாச்சாரம். இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

உள்ளே நடப்பது

அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்தது. 0.1 மோலார் கரைசலில் நூறு மூலக்கூறுக்கு ஒன்று, சற்று மேலே போனாலும் ஒன்றரைக்குள்தான், ஹைட்ரஜன் அயனியை விட்டிருக்கும். மீதி எல்லாம் விடாமல் வைத்திருக்கும். இதோடு சோடியம் அசிடேட்டைச் சேர்த்தால் கரைசலில் அசிடேட் அயனியும் ஏராளமாகிவிடும். வெளியிலிருந்து அமிலம் வந்தால், வந்த ஹைட்ரஜன் அயனியை அசிடேட் பிடித்துக்கொண்டு அசிட்டிக் அமிலமாகிவிடும். காரம் வந்தால், வைத்திருந்த ஹைட்ரஜன் அயனியை அசிட்டிக் அமிலம் கொடுத்து ஹைட்ராக்சைடைத் தண்ணீராக்கிவிடும். வந்தது எதுவும் தனியாகச் சுற்றித் திரியாததால் மீட்டர் முள் அதிகம் அசையாது.

சமன்பாடு தெரிந்ததுதான்: பி.எச். = பி.கே.ஏ. + மடக்கை (உப்பின் செறிவு ÷ அமிலத்தின் செறிவு). பி.கே.ஏ. என்பது ஒவ்வோர் அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண், அசிட்டிக் அமிலத்துக்கு 4.76. இரத்தத்தின் அமில–காரச் சமநிலையை ஆராய்ந்துகொண்டிருந்த லாரன்ஸ் ஹெண்டர்சன் 1908-இல் இதன் மூலவடிவத்தைத் தந்தார். கார்ல் ஹேசல்பால்க் 1916-இல் மடக்கை வடிவில் எழுதினார். இந்தச் சமன்பாட்டில் இருப்பது விகிதம் மட்டும். இரண்டையும் பத்தில் ஒன்றாக நீர்த்தாலும் விகிதம் மாறாது, பி.எச்.சும் ஏறக்குறைய மாறாது. ஆனால் பிடிக்க அசிடேட்டும் கொடுக்க அமிலமும் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். அந்த இருப்பைத்தான் தாங்கல் திறன் என்கிறோம். உயிர்வேதியியலாளர் வான் ஸ்லைக் 1922-இல் அதற்கு அளவு வகுத்தார்: ஒரு லிட்டரின் பி.எச்.சை ஓர் அலகு நகர்த்த எத்தனை மோல் வலிமையான அமிலமோ காரமோ தேவை என்பது. உப்பும் அமிலமும் சமமாக இருக்கும்போது, மொத்தச் செறிவை 0.576-ஆல் பெருக்கினால் அந்த எண் வரும். மொத்தம் 0.1 மோலார் என்றால் 0.058 மோல். விகிதம் பத்துக்கு ஒன்று என்று சாய்ந்துவிட்டால் இதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பி.கே.ஏ.வுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, அதற்குள் வேலை செய் என்று புத்தகம் சொல்வது இதனால்தான்.

வீட்டில் செய்து பார்க்க

தேவை: வெள்ளை வினிகர், சமையல் சோடா, 0.1 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு, பேனா வடிவ பி.எச். மீட்டர், டிஸ்டில்டு வாட்டர். ஒரு கிராம் ஒரு கிராமாக ஏறும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடையில் கிடைக்கும். அதே அலமாரியில், அதே மாதிரி கேனில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். அது கந்தக அமிலம். லேபிளைப் படித்துவிட்டுக் கையில் வாங்குங்கள். மஞ்சள்தூளை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மஞ்சள் நிறம் மாறுவது 7-ஐத் தாண்டிய பிறகு, நம் வேலை நடப்பதோ 4.7 பக்கம்.

முதலில் மீட்டரை அளவுதிருத்தம் செய்யுங்கள். கூட வரும் பொட்டலங்களில் பொதுவாக 4.00, 6.86, 9.18 என்று எழுதியிருக்கும். ஒவ்வொன்றையும் 250 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைக்கச் சொல்லியிருப்பார்கள். இந்த மூன்றுமே பஃபர்கள்தான்: பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட், பாஸ்பேட் கலவை, வெண்காரம். இந்தச் சோதனைக்கு முதலில் 6.86, பிறகு 4.00 போதும். பொட்டலத்தில் உள்ள எண் 25 டிகிரிக்கானது. 30 டிகிரியில் பாஸ்பேட் 6.85, வெண்காரம் 9.14. மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் வெண்காரக் கரைசல் 9.14 காட்டினால் மீட்டரைத் திட்டாதீர்கள், அது சரியாகத்தான் சொல்கிறது.

பிறகு:

1. வினிகர் பாட்டிலில் அசிட்டிக் அமிலம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 4 சதவீதம் என்றால் 100 மில்லியில் 4 கிராம், அதாவது 0.067 மோல்.

2. அரை லிட்டராவது பிடிக்கும் பாத்திரத்தில் 100 மில்லி வினிகரை ஊற்றுங்கள்.

3. 2.8 கிராம் சமையல் சோடாவை எடைபோட்டு, சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள். வினிகர் 5 சதவீதம் என்றால் 3.5 கிராம். அமிலத்தில் சரிபாதியை உப்பாக்க இவ்வளவுதான் வேண்டும்.

4. பொங்கி அடங்கியதும் கலக்கிவிட்டு, நுரை முழுக்க நிற்கும்வரை கால் மணி நேரம் திறந்தே வையுங்கள். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு முக்கால் லிட்டருக்கு மேல் இருக்கும். மூடி போட்ட பாட்டிலில் இதைச் செய்தால் மூடி பறக்கும், சில சமயம் பாட்டிலே போகும்.

மீட்டர் 4.6 பக்கம் காட்ட வேண்டும். கணக்குப்படி 4.76 வரவேண்டுமே என்று தோன்றும். பி.கே.ஏ. 4.76 என்பது மிக நீர்த்த கரைசலுக்கான மதிப்பு. நம் கரைசலில் அயனிகள் நெருக்கமாக இருப்பதால் ஒன்றையொன்று தடுத்து, அளவு கொஞ்சம் கீழே வரும். 4.5-க்கும் 4.7-க்கும் இடையில் எது வந்தாலும் சரி. 5.5 காட்டினால் சோடா கூடிவிட்டது. 4.5-ஐவிட நன்றாகக் கீழே காட்டினால் நீங்கள் போட்டது அநேகமாக பேக்கிங் பவுடர். அதில் மாவும் அமில உப்பும் கலந்திருக்கும். இங்கே வேண்டியது ஆப்பத்துக்குப் போடும் சோடா.

இப்போது சோதனை. ஒரு டம்ளரில் இந்தக் கரைசல் 100 மில்லி, இன்னொன்றில் 100 மில்லி கேன் வாட்டர். கேன் வாட்டரில் மீட்டர் ஓரிடத்தில் நிற்காமல் அலையும், 7-க்குக் கீழேயும் காட்டலாம். ஆர்.ஓ. இயந்திரம் உப்புகளை எடுத்துவிட்டதால் மீட்டருக்குப் பிடிமானம் இல்லை, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் கரைந்துகொண்டே இருக்கும். காற்றுப்பட்ட டிஸ்டில்டு வாட்டர் 5.6 பக்கம் போய் நிற்பதும் இதனால்தான்.

இரண்டிலும் 5 மில்லி வினிகர் விடுங்கள். தண்ணீர் 3.1-ஐ ஒட்டி இறங்கிவிடும். பஃபர் 0.04 நகரும். பேனா மீட்டரில் அது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். புதிதாக இரண்டு டம்ளர் எடுத்து ஒவ்வொன்றிலும் அரை கிராம் சோடா போட்டால் தண்ணீர் 8-ஐத் தாண்டும், பஃபர் 0.16 மட்டும் ஏறும்.

ஆய்வகத்தில், கணக்கோடு

பாரிமுனையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனக் கடைகள் உண்டு. அங்கே சோடியம் அசிடேட் கேட்டால் இரண்டு வகை தருவார்கள். ஒன்று நீரற்றது, மூலக்கூறு எடை 82.03. மற்றது மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம், 136.08. அரை லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு முன்னதில் 4.10 கிராம், பின்னதில் 6.80 கிராம். படிக உப்பை 4.10 கிராம் போட்டுவிட்டால் கரைசல் 0.06 மோலார்தான் ஆகும், பி.எச். 0.22 குறைந்து வரும். பலரும் மீட்டரைச் சந்தேகிப்பார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

0.1 மோலார் அசிட்டிக் அமிலத்துக்கு, கிளேஷியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம் 2.86 மில்லி எடுத்து, பாதியளவு தண்ணீர் இருக்கும் 500 மில்லி ஸ்டாண்டர்டு பிளாஸ்கில் விட்டு, பிறகு கோடு வரை நிரப்புங்கள். புகைபோக்கி அலமாரிக்குள், கையுறையோடு. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில ஆய்வகங்களில் இருக்கிறது. பல்ப் இல்லையென்றால் அன்றைக்குச் சோதனை வேண்டாம்.

இரண்டு கரைசலிலிருந்தும் 50 மில்லி எடுத்துக் கலந்தால் 100 மில்லி பஃபர். அமிலம் 5 மில்லிமோல், அசிடேட் 5 மில்லிமோல். மீட்டரில் 4.67 பக்கம் வரும். கீழே வரும் எண்கள் 4.76-ஐ வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் அளவு ஏறக்குறைய 0.1 கீழே ஓடும். பியூரெட்டில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நிரப்பி விடத் தொடங்குங்கள்.

1 மில்லிக்கு 4.74. அதே 1 மில்லியை 100 மில்லி தண்ணீரில் விட்டால் நேராக 3.0. 10 மில்லிக்கு 4.58. 40 மில்லிக்கு 3.81. இதுவரை மெல்ல மெல்ல இறங்கிய அளவு 50 மில்லியில் 2.97-க்கு விழும். அசிடேட் மொத்தமும் தீர்ந்துவிட்டது, பிடிக்க ஆளில்லை. 60 மில்லியில் 2.2. இனி அது பஃபரே இல்லை, அசிட்டிக் அமிலம் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

இந்த அளவுகளை வரைபடத் தாளில் குறியுங்கள். 4.76-ஐச் சுற்றிக் கோடு ஏறக்குறைய படுத்திருக்கும், 45 மில்லியைத் தாண்டியதும் செங்குத்தாக இறங்கும். அந்த வளைவைக் கையால் வரைந்து பார்த்தவருக்குச் சமன்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இருக்காது.

அடுத்து, பஃபரில் 10 மில்லி எடுத்துத் தண்ணீர் சேர்த்து 100 மில்லியாக்குங்கள். மீட்டர் முன்பைவிடச் சற்றே மேலே, 4.7 பக்கம் காட்டும். அயனி நெருக்கம் குறைந்ததால் வந்த ஏற்றம் அது. இதில் அரை மில்லி அமிலம் விட்டால் 0.09 இறங்கும், 5 மில்லியில் அசிடேட் தீர்ந்து 3.4-இல் நிற்கும். தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது பீக்கர் இதுதான். செய்முறைப் பதிவேட்டில் 'பி.எச். 4.7 பஃபர்' என்று மட்டும் எழுதுவது பாதித் தகவல். 'பி.எச். 4.7, மொத்தம் 0.1 மோலார் அசிடேட்' என்று எழுதுங்கள்.

எங்கே கோளாறு வரும்

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளால் வரும் தொல்லை கடலோரத்தில் அதிகம். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் சன்னலைத் திறந்து வைத்த ஆய்வகத்தில் வாட்ச் கிளாஸில் வில்லையைப் போட்டுச் சில நிமிடம் விட்டால், மேலே எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும், பிறகு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம். தராசு 4.0 கிராம் என்று காட்டும், உள்ளே காரம் அதைவிடக் குறைவு. டப்பாவைத் திறந்ததும் எடுத்து, எடைபோட்டு, மூடிவிடுங்கள். காரத்தின் அளவு துல்லியமாக வேண்டுமென்றால் ஆக்சாலிக் அமிலத்தோடு தரம்பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள்.

பி.எச்.சைச் சரிசெய்யும்போது அடர் அமிலத்தை விட்டு, அளவு தாண்டிப் போய், காரம் விட்டு, அதுவும் தாண்டி, மீண்டும் அமிலம் விடுவது இன்னொரு வழக்கம். கடைசியில் எண் சரியாக இருக்கும், கரைசலில் தேவையில்லாத உப்பு ஏறியிருக்கும். முக்கால்வாசித் தண்ணீரில் கரைத்து, அளவு நெருங்கும்போது 1 மோலார் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சரிசெய்து, அதற்குப் பிறகே கோடு வரை நிரப்ப வேண்டும்.

வெப்பநிலை எல்லாப் பஃபரையும் ஒரே மாதிரி அசைக்காது. அசிடேட் கிட்டத்தட்ட அசையாது. பாஸ்பேட் கொஞ்சம். உயிர்வேதியியலில் புழங்கும் டிரிஸ் என்ற பஃபர் மட்டும் டிகிரிக்கு 0.028 நகரும். ஏ.சி. இல்லாத அறையில் 32 டிகிரியில் 8.0 என்று வைத்த டிரிஸ் கரைசல், ஏ.சி. அறையில் 25 டிகிரிக்குப் போனால் 8.2, குளிர்பெட்டியில் 4 டிகிரியில் ஏறக்குறைய 8.8. உயிர்வேதியியல் பக்கம் போகிறவர்கள், எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறோமோ அதே வெப்பநிலையில் பி.எச்.சை வைக்கப் பழகுங்கள்.

எதற்கு எந்தப் பஃபர் என்பதைப் பி.கே.ஏ. சொல்லிவிடும். 4.7-க்கு அசிடேட், 7.2-க்குப் பாஸ்பேட், 8-க்கு டிரிஸ், 9.2-க்குப் போரேட் அல்லது அம்மோனியா. பாஸ்பேட்டைக் குழாய்த் தண்ணீரிலோ போர் தண்ணீரிலோ கரைத்தால் கால்சியத்தோடு சேர்ந்து வெண்மையாகக் கலங்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். அசிடேட்டிலும் பாஸ்பேட்டிலும் நம் ஊர் வெக்கைக்குப் பூஞ்சை பிடிக்கும். அடியில் பஞ்சு போல் எதுவும் மிதந்தால் வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

மீட்டரின் கண்ணாடிக் குமிழைத் துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது, டிஷ்யூவால் ஒற்ற வேண்டும். அதை டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைப்பதும் தவறு. மூடிக்குள் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு சில சொட்டு இருக்கட்டும்.

மீன்தொட்டியில் இதே கணக்கு

தொட்டித் தண்ணீரில் பஃபராக இருப்பது பைகார்பனேட். கொளத்தூர்க் கடைகளில் கே.எச். என்று கேட்டால் அதை அளக்கும் சொட்டு மருந்து தருவார்கள். பல கிட்டுகளில் 5 மில்லி தண்ணீருக்கு ஒரு சொட்டு ஒரு டிகிரி, நீலம் மஞ்சளாகும்வரை எண்ண வேண்டும். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். புதியவர்கள் பி.எச். கிட்டை மட்டும் வாங்கிப் போகிறார்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கே.எச். கிட்டை வாங்குங்கள்.

மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஃபில்ட்டரில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 7.14 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். அப்படியானால் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் ஒரு டிகிரி கே.எச்.சைத் தின்றுவிடும். மெட்ரோ வாட்டரோ போர் தண்ணீரோ ஊற்றினால் கொஞ்சமாவது பைகார்பனேட் வரும். குளோரின் பயத்தில் முழுக்க முழுக்கக் கேன் வாட்டர் ஊற்றுகிறவர் தொட்டியில் அது இருக்காது. வாரக்கணக்கில் பி.எச். 7 என்றே காட்டி, ஒரு நாள் காலையில் 5.5-க்கு விழும்.

பி.எச். குறைக்கும் திரவம் விற்பார்கள். கே.எச். அதிகமுள்ள தொட்டியில் அதை ஊற்றினால் அன்றைக்குக் குறையும். பைகார்பனேட் அமிலத்தோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகி, அது ஏர் பம்ப் குமிழோடு வெளியேறியதும் மறுநாள் பி.எச். மேலே வரும். திரும்ப ஊற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் கே.எச். குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியாது. அது தீர்ந்த பிறகு ஊற்றும் மூடிதான் மீனைக் கொல்கிறது. பெரும்பாலான தொட்டிகளுக்கு அந்தப் பாட்டில் தேவையே இல்லை.

கே.எச். கூட்ட, 100 லிட்டருக்கு ஒரு டிகிரிக்கு 3 கிராம் சமையல் சோடா. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் மணல் போக 50 லிட்டர் இருக்கும் என்று வைத்தால் 1.5 கிராம். ஒரு மக் தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஃபில்ட்டர் நீர் விழும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி ஃபில்ட்டருக்குள் வைப்பதும் நல்ல வழி. தண்ணீர் அமிலமாகத் திரும்பும்போதுதான் அது வேகமாகக் கரையும். கிளிஞ்சலைக் கடையில் வாங்குங்கள். எண்ணூர் கழிமுகத்தில் பொறுக்க வேண்டாம், அங்கே சாம்பல் கழிவு சேர்ந்திருப்பது ஊரறிந்தது. கப்பி, மோலி வளர்ப்பவர்கள் கே.எச். 4-க்கு மேல் வைத்துக்கொள்ளலாம். நியான் டெட்ரா, டிஸ்கஸ் மென்னீர் கேட்கும் மீன்கள், அவற்றுக்குக் கே.எச்.சைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றுவதுதான் அங்கே காப்பு.

பி.எச். ஏற்கெனவே 6-க்குக் கீழே விழுந்த தொட்டியில் மட்டும் சோடாவைக் கையில் எடுக்குமுன் அம்மோனியாவை அளந்துவிடுங்கள். அந்த அமிலத்தில் பாக்டீரியாவின் வேலை படுத்திருக்கும், அம்மோனியா சேர்ந்திருக்கும். ஆனால் அது அம்மோனியம் அயனியாக இருப்பதால் மீன் தாக்குப்பிடிக்கிறது. 28 டிகிரியில் பி.எச். 6-இலிருந்து 8-க்கு ஏறினால் நச்சான அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ நூறு மடங்காகும். எனவே முதலில் குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை மாற்றி, சில மணி நேரம் விட்டு மறுபடி ஒரு பங்கு. தீனியை நிறுத்திவையுங்கள். அம்மோனியா இறங்கியது கிட்டில் தெரிந்த பிறகு சோடா, ஒரு நாளைக்கு அரை டிகிரிக்கு மேல் வேண்டாம்.